கருவாடு சுற்றிய கதைப்புத்தகம்

மாமி தாள் கிழிப்பதைப் பார்க்க வேண்டும். புத்தகத்தை விரித்து, ஒரு பக்கத்தை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றப் பக்கத்தைத் தையலோரமாக ஒரே இழுவையில் உருவி எடுப்பார். ஓரம் பிசிறாது, சத்தமும் வராது. அன்றைக்கு வேண்டிய ஒற்றைகளை அடுக்கிக் கருவாட்டுக் கடகப்பெட்டியின் ஓரத்தில் செருகிக்கொண்டு முள்ளியவளைச் சந்தைக்குப் புறப்படுவார். மாமி என்றால் என் கணவரின் தாய். எழுத்து வாசிப்புத் தெரியாதவர். எந்தத் தாள் கருவாட்டைத் தாங்கும், எது ஈரத்தில் கிழியும் என்பது மட்டும் தொட்டவுடன் அவருக்குத் தெரிந்துவிடும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு அது. கரையோர வீட்டை விட்டு ஓடிவந்து, தெரிந்தவர் ஒருவரின் தோட்டக்காணி மூலையில் கொட்டில் போட்டு இருந்தோம். என் கணவர் கண்ணுக்கு வைத்தியம் பார்க்கவென்று பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போனார். பத்து நாளில் திரும்புவதாகச் சொன்னார். அவர் போய்ச் சேர்ந்த கிழமையே சண்டை தொடங்கிப் பாதை பூட்டிவிட்டது. தெற்கேயும் போக முடியாது, வடக்கேயும் போக முடியாது, கிழக்கே கடலில் கடற்படைக் கப்பல் நின்றது. எப்போதாவது ஒரு கடிதம், பல கை மாறிக் கசங்கி வரும். மிச்சமிருந்தது ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒளிந்துகொள்ள ஒரு பங்கர் குழி, நாங்கள் இரண்டு பெண்கள். எங்களை ஒன்றாகக் கட்டிவைத்த மனிதரோ அந்தப் பக்கம் நின்றுகொண்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி மாமி வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை, திறக்காமல் நிறையச் சொல்லியிருக்கிறார். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் உப்பு, விறகு, தண்ணீர் பற்றித்தான்.

கல்யாணத்துக்கு முன்னர் நான் புத்தகப் பைத்தியம். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் புத்தகம் இல்லாவிட்டால் சோறு இறங்காது. ஒரு பிடிவாதமும் இருந்தது: எவ்வளவு ஆவல் வந்தாலும் கடைசிப் பக்கங்களை எட்டிப் பார்க்க மாட்டேன். கல்யாணம் கட்டிப் போன வீட்டில் இருந்த ஒரே புத்தகம் செபப் புத்தகம். பிறகு இடப்பெயர்வு, பிறகு இன்னோர் இடப்பெயர்வு. வாசிக்க வேண்டும் என்ற நினைப்பே எட்டு வருடமாக வரவில்லை. அது போய்விட்டது என்பதுகூட எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் கொடுமை.

அந்த ஆடி மாதம், இடம்பெயர்ந்து வந்த ஒரு வாத்தியார் வீட்டார் கருவாட்டுக்குப் பதிலாக ஒரு கட்டுப் பழைய தாள் கொடுத்திருந்தார்கள். அதற்குள் அட்டை போன ஒரு கதைப்புத்தகம். நான் கண்டபோது முன்பக்கம் நாற்பது ஒற்றை ஏற்கெனவே சந்தைக்குப் போய்விட்டது. அடுப்பு மூட்ட ஒரு தாள் தேடப்போய்க் குந்தியிருந்தபடியே ஒரு பக்கம் வாசித்தேன். ஒன்றும் ஏறவில்லை. கண் வரியில் நிற்க, காது வானத்தில் நின்றது. அதே பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். நான்காம் தரம், கதையில் வரும் பெண்ணின் மாமியார் சொன்ன ஒரு குத்தல் பேச்சுக்கு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் சிரிப்பைக் கேட்டு நானே பயந்துபோனேன். அன்று சோறு அடிப்பிடித்தது.

அதற்குப் பிறகு மாமியின் கைக்கும் என் கண்ணுக்கும் போட்டி. மறுநாள் காலையில் அவர் கிழிக்கப்போகும் பக்கங்களை, அவர் சந்தையால் வருவதற்குள் நான் வாசித்து முடிக்க வேண்டும். கதையில் ஒரு பெண்ணின் கணவன் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான், அவள் காத்திருக்கிறாள். அதைவிடப் பெரிய கதையொன்றும் இல்லை. ஆனால் வாசிக்கிற அந்த இரண்டு மணித்தியாலமும் நான் அந்தக் கொட்டிலுக்குள் இருக்கவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது. கணவர் அங்கே, இடம்பெயர்ந்த சனம் மரத்துக்குக் கீழே, நான் இங்கே கதைப்புத்தகத்துக்குள் சந்தோசமாக இருக்கிறேனே என்று.

ஒருநாள் முற்பகல் குண்டு போடும் கிபிர் விமானம் வந்தது. பங்கருக்குள் ஓடினோம். செபமாலையை உருட்டிக்கொண்டிருந்த மாமி, என் கையைப் பார்த்தார். அடையாள அட்டை இருந்த பையை விட்டுவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"உசிரைக் கொண்டு ஓடு எண்டால் கடதாசியைக் கொண்டெல்லோ வாறாய். என்ன பிள்ளை, அதுக்குள்ளை என்ன கிடக்கு?"

"கதை, மாமி."

"கதையோ?"

மேலே சத்தம் போய்த் திரும்பி வந்தது. மண் கொட்டியது. எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. "மாமி, என்னைக் கேக்காமல் அதைக் கிழிக்காதேங்கோ. நான் வாசிச்சு முடிக்கேல்லை" என்றேன். கல்யாணம் கட்டி எட்டு வருடத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் பொருள் அது. அவர் செபமாலையைத் தொடர்ந்தார்.

மறுநாளிலிருந்து முன்பக்கம் குறையவில்லை. நான் நிறுத்தியிருந்த இடத்தில் ஈர்க்குக்குச்சி வைத்தபடியே இருந்தது. வேறு தாள் எடுத்துச் சுற்றுகிறார் என்று நினைத்து, ஆறுதலாக, ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்று மிச்சம்பிடித்து வாசித்தேன். இன்றைக்கு என் வீட்டில் மின்சாரம் இருக்கிறது, அலுமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது, கிழிக்க ஒருவரும் வருவதில்லை. ஆனாலும் அந்த மூன்று கிழமை வாசித்ததுபோல நான் பிறகு வாசித்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, படலை திறக்கும் சத்தம் கேட்டு அந்தப் பெண் விளக்கை எடுத்துக்கொண்டு எழும்புகிற இடத்தில் பக்கம் முடிந்தது. திருப்பினேன். அடுத்த பக்கம் இல்லை. தையல் நூல் மட்டும் தொங்கியது. அப்போதுதான் விளங்கியது. மாமி கிழிப்பதை நிறுத்தவில்லை, பின்னாலிருந்து கிழித்திருக்கிறார். எட்டு வருடத்துக்குப் பிறகு கிடைத்த ஒன்றேயொன்றையும் கருவாட்டோடு விற்றுவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. வரட்டும், இன்றைக்குக் கேட்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

மாமி வெறும் கடகத்தோடு வந்து கால் கழுவினார். என் கையில் புத்தகத்தைக் கண்டதும் முகத்தில் ஒரு பெருமை.

"முடிஞ்சுதோ? உனக்கு இடைஞ்சல் வரக்கூடாதெண்டு நான் முன்னுக்குக் கைவைக்கேல்லை. கடைசியிலை இருந்துதான் எடுத்தனான்."

புத்தகத்துக்கு முன் எது, பின் எது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்த வீட்டில் எனக்காக ஒருவர் யோசித்துச் செய்த முதல் காரியம் அது. என் கதையின் முடிவு அதற்குள் போய்விட்டது.

"ஓம் மாமி, முடிஞ்சுது" என்றேன்.

"என்ன முடிவு?"

"கப்பல்லை போன புருசன் வந்திட்டார்."

மாமி கடகத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு கேட்டார்: "எத்தினை மாதம் கழிச்சு வந்தவன்?"

அவர் கேட்பது கதையை அல்ல என்று எனக்குத் தெரிந்தது. மகனின் பெயரை இத்தனை மாதமாக அவர் வாயில் கேட்டதில்லை. எனக்குத்தான் கவலை, அவருக்குச் சந்தையும் கருவாடும் என்று நினைத்திருந்தேன். என்னைப்போலவே அவரும் அந்தக் கொட்டிலுக்குள் நாள் எண்ணிக்கொண்டு அடைபட்டுக் கிடந்திருக்கிறார்.

"மாரிக்கு முதலே வந்திட்டார், மாமி."

அவர் தலையாட்டினார். மறுநாள் காலையில் எங்கேயோ போய் ஒரு கட்டுத் தேக்கிலை பொறுக்கி வந்து, அதில் கருவாட்டைச் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் போனார். மிஞ்சியிருந்த பழைய தாள்களையெல்லாம் என் தலைமாட்டில் வைத்திருந்தார். பாதிக்கு மேல் உரக்கணக்கும் பழைய பஞ்சாங்கமும். எல்லாவற்றையும் வாசித்தேன்.

அந்த வருட மாரி வந்தது, போனது. முகில் கட்டும் நாள்களில் மாமி வாசலில் நின்று றோட்டைப் பார்ப்பார். மழை வந்தால் கருவாடு காயாதே என்ற கவலை என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த மாரியும் போய், வயலில் நெல் அரிவிவெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், என் கணவர் வேறு பாதையால் சுற்றி, இரவல் சைக்கிளில் வந்து இறங்கினார். மெலிந்து பாதி உடம்பாகியிருந்தார். மாமி அழவில்லை. கிட்டப் போய், மகனின் இரண்டு கன்னத்தையும் கருவாட்டுக் கையால் பிடித்துக்கொண்டு கோபத்தோடு கேட்டார்:

"கதைப்புத்தகத்திலை அவன் மாரிக்கு முதலே வந்திட்டான். நீ ஏன்ரா இவ்வளவு பிந்தினனி?"