சேதி வருமுன்னே வந்தவர்கள்

1954, மார்ச் மாதம். கொடைக்கானலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் படித்த ஒரு மிஷன் பள்ளி விடுதியில் நான் தையல் வேலை பார்த்தேன். பனி விலகி வெயில் இதமாக இருக்கும். பேரிக்காய் மரத்தடியில் மெஷினைப் போட்டுக்கொண்டு தைப்பேன். அந்தச் சுகம் இனி வருமா?

அன்று காலை ரேடியோவில் ஒரு செய்தி. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் பார்வையாளர் மாடத்திலிருந்து சிலர் துப்பாக்கியால் சுட்டுவிட்டார்களாம். உறுப்பினர்கள் ஐந்து பேருக்குக் குண்டுக் காயம். எங்கள் பியானோ டீச்சரம்மாவுக்கு ஊர் அமெரிக்கா. அவருடைய ஒரே தம்பிக்கு அந்தக் கட்டடத்தில்தான் வேலை. அவன் கதி என்னவென்று ரேடியோ சொல்லவில்லை. டீச்சரம்மா தந்தி கொடுத்துவிட்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வகுப்புக்குப் போய்விட்டார். மற்ற துரைசானிகள் தைரியம் சொல்லிவிட்டு, அவரைத் தனியே விடுவதுதான் மரியாதை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் வெள்ளனே அவர் வீட்டு வாசலில் ஒப்பாரிச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், எங்கள் விடுதிச் சமையற்கார அக்கா, மலைச்சரிவில் இருக்கும் அடுக்கம் கிராமத்துக்காரி, ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிவந்து வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள்.

"ஏக்கா, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உசுரோட இருக்கானா இல்லையான்னே தெரியல, அதுக்குள்ள ஒப்பாரி வைக்கிறியே" என்று கத்தினேன்.

சத்தம் கேட்டு டீச்சரம்மா வெளியே வந்தார். தமக்கு முந்தி எங்களுக்குத் துக்கச் சேதி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார் போல. முகம் வெளுத்து, கதவைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு சேதியும் வரவில்லை என்று நான் பதறிச் சொன்னேன்.

"அப்புறம் ஏன் அழறாங்க?" என்று கேட்டார். தமிழ் நன்றாகவே பேசுவார்.

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "நேத்துலருந்து ஒத்தையில கெடக்கீங்க. கூட அழுக ஆளில்ல. சேதி நல்லதா வந்தா கண்ணத் தொடச்சுட்டுப் போறோம், அதுக்கென்ன?"

டீச்சரம்மா படியிறங்கி வந்து தரையில் உட்கார்ந்தார். அக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டதும், அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெண்களைப் போலவே வாய்விட்டு அழுதார். திட்ட வந்த நானும் அழுதேன்.

மத்தியானம் பதில் தந்தி வந்தது. தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுவரை ஒருத்தியும் எழுந்து போகவில்லை. அக்கா தன் முந்தானையாலேயே டீச்சரம்மா முகத்தைத் துடைத்துவிட்டாள். "வெரசா எந்திரிங்க. நேத்தும் சாப்பிடல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த அக்காவும் இப்போது இல்லை, டீச்சரம்மாவும் எப்போதோ தம் ஊருக்குப் போய்விட்டார். ஆனால் இன்றும் யார் வீட்டிலாவது கஷ்டம் என்று காதில் விழுந்தால், என்ன ஆயிற்றென்று தெரியட்டும், பிறகு போகலாம் என்று என்னால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.