என் பேரைச் சொல்ல வைத்த காளி

பொறுமையாக இருந்தேன், அம்மன் கண் திறந்தாள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் பொறுமையாக இருக்கவில்லை. எனக்குக் கோபம். இதை எழுதும்போதும் கோபம்தான். ஆனாலும் எங்கள் காளியம்மன் எனக்குச் செய்ததை அவளைக் கும்பிடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் தாயில்பட்டிக்குப் பக்கம். 2005-ல் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே பட்டாசு ஆலையில் வேலை பார்த்தோம். நான் திரி சொருகும் அறையில். என் பக்கத்தில் உட்காருபவள் முத்துலட்சுமி. ஒரே தூக்குவாளியில் சாப்பிடுவோம். ஒருநாள் நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரம் அறை வெடித்தது. அவள் போய்விட்டாள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதுதான் வினையாகப் போனது. "உசுரோட இருக்கியே, அது போதாதாத்தா?" என்றார் என் மாமியார். "நீ அழுதா பிள்ளைக பயந்துபோகும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தீபாவளி சீசன் வேறு. ஆலையில் ஒரு பூசணிக்காயை உடைத்துவிட்டு, அடுத்த அறையில் உட்காரச் சொன்னார்கள். "நடந்ததை நெனைக்காதீக, கை ஓடாது" என்றார் போர்மேன். அவள் பேரைக்கூட யாரும் சொல்லவில்லை.

எனக்கு வாய் கட்டிப்போனது. தட்டு கீழே விழுந்தால் தெருவுக்கு ஓடினேன். சோறு இறங்கவில்லை. எது கேட்டாலும் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. ஊர் உடனே முடிவு கட்டிவிட்டது. அகாலத்தில் செத்த முத்துலட்சுமி என்னைப் பிடித்துக்கொண்டாளாம். குழம்பில் கிடக்கும் முட்டையைப் பாதி பிய்த்து எனக்குக் கொடுத்தவள், என்னைப் பிடித்து ஆட்டுவாளா? அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காளியம்மன் கோயில் முன்னால் கோடாங்கியை வரவழைத்தார்கள். அவர் உடுக்கை அடித்துப் பேயைப் பேர் சொல்ல வைப்பார். பேர் வந்ததும் உச்சிமுடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பார். அதோடு பேய் அடங்கும் என்பது நம்பிக்கை. முத்துலட்சுமியை மரத்தில் அறையப் போகிறார்கள். அம்மன் முகத்தைப் பார்த்தேன். கும்பிட மனசு வரவில்லை. மனசுக்குள்ளேயே சண்டை போட்டேன். "அவளைத்தான் நீ காப்பாத்தல. இப்பப் பேயாவும் ஆக்கப் போறியா? எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். வாயைத் திறந்து விடு" என்றேன்.

உடுக்கைச் சத்தம் ஏறியது. கோடாங்கி வேப்பிலையால் என் முகத்தில் அடித்தார். "யாரு நீ? பேரைச் சொல்லு."

"மாரீஸ்வரி."

"அது இவ பேரு. உம் பேரைச் சொல்லு."

"எம் பேருதான். மாரீஸ்வரிதான் பேசுதேன். எனக்குள்ள வேற யாரும் இல்ல. முத்துலட்சுமி செத்துப்போனா. அவளுக்காக அழ விட்டீகளா? ஒருநா அழ விட்டீகளா?"

அதற்குமேல் அழுகைதான். அடைத்துக் கிடந்ததெல்லாம் வந்தது. "பேயா இருந்தா நான் பேசிருவேன். இதை என்ன செய்ய?" என்று உடுக்கையை இறக்கி வைத்தார் கோடாங்கி. அப்போது என் வீட்டுக்காரர் வந்து, ஊரே பார்க்க என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். "எனக்குந்தான் சத்தம் கேட்டா ஈரக்கொலை நடுங்குது. ஆம்பள எப்படி வெளிய சொல்ல" என்று அழுதார். ஒரே பாயில் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பயந்து கிடந்திருக்கிறோம்.

அடுத்த வாரமே இரண்டு பேரும் விருதுநகர் போய் மனநல டாக்டரைப் பார்த்தோம். பைத்திய ஆஸ்பத்திரி என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், பேயோட்டக் கூடின கூட்டம்தானே. மாத்திரை சாப்பிட்டேன். டாக்டர் கேட்கக் கேட்கப் பேசினேன். மெல்லத் தூக்கம் வந்தது. இப்போது எனக்கு சிவகாசியில் காலண்டர் கம்பெனி வேலை. அவர் இன்னும் பட்டாசு வேலைக்குத்தான் போகிறார், வேறு வழியில்லை. ஆனால் பயந்த அன்று பயந்தேன் என்று வந்து சொல்கிறார்.

என் கோபம் போகவில்லை. போக்கச் சொல்லி நான் வேண்டவும் இல்லை. கேட்டது வாய், அம்மன் கொடுத்தாள். அந்த நன்றியில் செவ்வாய்தோறும் அவளுக்கு விளக்குப் போடுகிறேன். உங்களுக்கும் நெஞ்சு அடைத்தால் அவளிடம் போங்கள். திட்டுங்கள், அழுங்கள், அவள் தாங்குவாள். பிறகு தைரியமாக டாக்டரிடமும் போங்கள். கோயிலை விட்டு வரும் முன் முத்துலட்சுமிக்கும் ஒரு விளக்குப் போடுங்கள். அவள் பேரைச் சத்தமாகச் சொல்லிப் போடுங்கள்.