கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ

கொள்ளேகால் பேருந்தின் ரெக்சின் இருக்கை மதிய வெயிலில் காய்ந்து தொடையைச் சுடும். மூன்று பேர் உட்காரும் அந்த இருக்கைக்கு நான்காவதாக ஒரு கனத்த அம்மாள் வந்து, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்தும்விடுவார். தொண்ணூறுகளின் மைசூரில் வளர்ந்த எனக்கு 'அட்ஜஸ்ட்' ஓர் ஆங்கிலச் சொல் என்பதே வெகுநாள் தெரியாது.

அக்ரஹாரம் என்ற பேட்டையின் சந்தொன்றில், ஒரே குழாயைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும், 'வட்டாரா' என்று அங்கே சொல்கிற வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, அவ்வளவுதான். குழம்பில் உப்புக் கூடினாலும், அக்காவின் பழைய பாவாடை எனக்குத் தரையைக் கூட்டினாலும், அம்மா சொல்வது அந்த ஒரு சொல்தான். கொள்ளேகால் பக்கத்து ஹனூரிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வரும் சொந்தக்காரர்கள் வாரக்கணக்கில் எங்களோடு தங்குவார்கள்; "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ கண்ணு" என்று அம்மா என் பாயை உருவி அவர்களுக்கு விரிப்பாள். வீட்டில் சின்னவள் என்பதால் அதிகம் 'அட்ஜஸ்ட்' ஆனது நான்தான். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, ஹனூரில் கட்டிக்கொடுத்திருந்த சரசு அக்கா ஒரு காலையில் துணிப்பையோடு தனியாக வந்து நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது. அவள் கணவர் குடித்துவிட்டு அடிப்பது அது முதல் தடவையல்ல.

ஆலையில் வேலை பார்த்த அப்பா ஊர் வாய்க்குப் பயந்தவர். தரையைப் பார்த்தபடி, "ஆம்பளைன்னா முன்னப்பின்ன இருப்பாங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போ கண்ணு. சாயந்தர பஸ்ஸுக்கு நானே கூட வாறேன்" என்றார். அக்கா பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வாய் திறக்கத்தான் தைரியமில்லை.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணுனோம். பெத்த புள்ளைக்குப் பண்ணமாட்டமா? அவ பண்ணுனது போதும். இனி நாம பண்ணிக்கலாம்."

குரல்கூட உயரவில்லை. அப்பா எழுந்துபோய், தன் சட்டைகள் தொங்கிய ஆணிகளில் ஒன்றைக் காலி செய்து, அக்காவின் பையை வாங்கி அதில் மாட்டினார்.

அக்கா ஊதுபத்திக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, ஒன்பது வருடம் எங்களோடு இருந்துவிட்டு, கொள்ளேகாலில் சொந்தமாகத் தையல் கடை வைத்துக்கொண்டு போனாள். அந்த வருடங்களில் அப்பா வட்டாராவின் நடைபாதையில் படுத்தார், நான் அரிசி டின்மேல் புத்தகம் வைத்துப் படித்தேன், ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்றவரும் திரும்பியாக வேண்டும். ஆனாலும் அப்போது சிரித்ததுபோல் நாங்கள் பிறகு சிரித்ததில்லை.

இன்று அந்த வட்டாரா இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. எனக்கு மூன்று படுக்கையறை வீடு, ஆளுக்கொரு கதவு. போன மாதம், கண் ஆபரேஷனுக்கு மைசூர் வரவேண்டிய அக்கா போனில், "உம்பட பையனுக்குப் பரீட்சைன்ன. நான் லாட்ஜுல ரூம் போட்டுக்கறேன், உனக்கெதுக்குச் சிரமம்" என்றாள்.

"இங்கேயே வாக்கா" என்றுதான் சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன், எந்த அறையை ஒழிப்பது என்று ஒரு நொடி யோசித்துவிட்டேன். அக்காவுக்கும் அந்த நொடி கேட்டிருக்கும்.