வால்டா உரக்கச் சொன்ன பெயர்

எங்கள் ஊர்க் காவல் நிலையத்தின் அடைப்பறைகளைப் பதினொரு வருஷம் கழுவியவள் வால்டா. வாந்தி, மூத்திரம், ரத்தம், எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே மருந்து: ஒரு வாளி பினாயில். அடைபட்டவர்களில் பாதிப் பேர் அவளுக்கு உறவு. துடைப்பத்தோடு வரும்போதே திட்டிக்கொண்டு வருவாள். "குறி பாத்துப் பேயத் தெரியாதாடா உனக்கு? இதுல கங்காரு வேட்டைக்குப் போறானாம்!" அவள் திட்டினால் உள்ளே இருப்பவனுக்குப் பாதித் தண்டனை கழிந்த மாதிரி இருக்கும்.

ஆகஸ்டில் அவளுடைய ஒரே மகன் செத்தான். செம்மண் சாலையில் கார் புரண்டது. செத்தவன் பெயரை எங்கள் ஆதிகுடிச் சனத்தில் யாரும் வாயால் சொல்ல மாட்டோம். அதே பெயர்க்காரன் இன்னொருவன் உயிரோடு இருந்தால் அவனும் தன் பெயரை விட்டுவிட வேண்டும். துக்கம் ஆறும்வரை அவன் வெறும் குமன்ஜாயி, பெயரில்லாதவன். வால்டாவின் அக்கா மகனுக்கும் அதே பெயர்தான்; அம்மாவின் தங்கையும் எங்களுக்கு அம்மாதான்.

ஆறு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவனை இழுத்து வந்தார்கள். பீர்க்கடை வாசலில் கைகலப்பு. எங்கள் வழக்கம் தெரிந்த சார்ஜென்ட் விடுப்பில் இருந்தார். கவுண்டரில் இருந்தவன் ஹான்லி, தெற்கேயிருந்து வந்து பத்து நாள் ஆனவன். நான் எதிர் அறையில் கம்பிக்குப் பின்னால் இருந்தேன். வால்டா நடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேரு?"

"குமன்ஜாயி."

"காலையிலேருந்து நீ மூணாவது குமன்ஜாயி. எல்லாருக்கும் ஒரே அப்பனா? நிஜப் பேரச் சொல்லுடா."

அவன் ஓரக்கண்ணால் வால்டாவைப் பார்த்தான். "அம்மா நிக்கிறாங்க சார். சொல்லக் கூடாது."

"அப்ப எழுதித் தொலை."

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். ஹான்லி அந்தத் தலையைப் பின்மயிரோடு பிடித்துக் கவுண்டர் விளிம்பில் மோதினான். பல் உடைந்த சத்தம் என் அறைவரை கேட்டது. இருமினான்; வாயிலிருந்த ரத்தம் ஹான்லியின் சட்டையில் தெறித்தது.

"துப்புறான்! துப்புறான்!" என்று ஹான்லி கத்தினான்.

மூன்று போலீஸ்காரர்கள் பாய்ந்தார்கள். முகம் தரையில், கை பின்னால் விலங்கில், முதுகில் ஒரு முழங்கால். யாரோ இழுப்பறையிலிருந்து, துப்புகிறவர்களுக்கு மாட்டும் பையை எடுத்துத் தலையில் மாட்டினார்கள். மேல்பாதி வலை, கீழ்ப்பாதி தடித்த துணி, கழுத்தில் இறுக்கும் எலாஸ்டிக். கீழ்ப்பாதி சீக்கிரமே சிவந்தது. அவன் மூச்சை இழுக்கும்போதெல்லாம் நனைந்த துணி வாய்க்குள் போனது. வெளியே வர மறந்தது.

"அவனுக்கு இளைப்பு இருக்குய்யா! கழட்டுங்க!" வால்டா துடைப்பக் கட்டையாலேயே முழங்கால்காரன் தோளில் ஒன்று வைத்தாள். அவளைச் சுவரில் அறைந்தார்கள். புருவம் கிழிந்தது. எழுந்து மறுபடி போனாள். மறுபடி அறைந்தார்கள்.

"பேரு வந்தா கழட்டுறேன்," என்றான் ஹான்லி. "அம்மாதானே நீ? நீ சொல்லேன்."

தரையில் அவன் கால்கள் உதைத்தன. பிறகு ஒரு கால் மட்டும் உதைத்தது. பிறகு அதுவும் நின்றது.

வால்டா சொன்னாள்.

அறைகளில் இருந்த நாங்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம். அப்படியும் கேட்டது.

"புரியல. ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு."

ரத்தம் கண்ணில் இறங்க, மகன் பெயரை அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். ஹான்லி கணினியில் ஒரு விரலால் தட்டினான். "இவ்வளவுதானே. இதுக்கா இந்தக் கூத்து?"

பையை உருவியபோது முகம் சாம்பல் நிறமாக இருந்தது. வால்டா அவனைப் புரட்டி, வாய்க்குள் விரல் விட்டு, ரத்தக் கட்டியையும் பல் துண்டையும் எடுத்து, முதுகில் அறைந்தாள். நாலாவது அடியில் சீழ்க்கை மாதிரி ஒரு மூச்சு வந்தது.

கண் திறந்தவன் அழுதான். அவன் காதிலும் விழுந்திருந்தது. விலங்கிட்ட கையால் பொத்த முடியவில்லை.

"ஏம்மா சொன்னே?"

"வாய மூடு. மூச்ச விடு."

ஆம்புலன்சில் அவனை ஏற்றும்வரை கூடவே நின்றாள். திரும்பி வந்தபோது ஹான்லி தரையைக் காட்டினான். அவள் பினாயில் வாளியைத் தூக்கிக் கவுண்டர்மேல், அந்தக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள். துடைப்பத்தை அவன் கையில் கொடுத்தாள்.

அந்தப் பெயர் விழுந்த கட்டிடத்துக்குள் அதன்பிறகு அவள் கால் வைக்கவில்லை.