முதல் கியரில் சிவப்பு வண்டி

என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். செய்து வரும் பாகத்தைத் தடவிப் பார்த்து, சரியில்லை என்றால் ஒதுக்கி வைப்பது வேலை. வீட்டிலும் அதே புத்திதான். சாம்பாரில் உப்பு, சட்டையில் மடிப்பு, எல்லாவற்றிலும் ஒரு குறை. எனக்கும் வாய் சும்மா இருக்காது. தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கே எங்கள் சண்டை பழக்கம்.

இரண்டாயிரமாம் வருஷத்துக்கு அப்புறம் ஆட்களைக் குறைத்தபோது அவருக்கும் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். பெயர்தான் விருப்ப ஓய்வு, அவர் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மனுஷன் எதையும் குறை சொல்வதில்லை. ஒருநாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் சாம்பார் வைத்தேன். பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த திறந்த வண்டியைப் பார்த்தார். அந்தக்காலத்து வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியே இங்கே செய்தது. நாமும் ஒன்று வாங்கி வாடகைக்கு விடலாம் என்று வீடு வரும் வரை பேசிக்கொண்டே வந்தார். நான் உடனே சரி என்றேன். சும்மா ஒரு மாட்டு வண்டி கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

செய்து விற்பவர் ஒரு பாய். கேளம்பாக்கத்தில் தகர ஷெட். பழைய கார்களின் இன்ஜின் மேல் ஃபைபரில் உடம்பு கட்டி, கல்யாணத்துக்கென்று பின்னால் உயரமாக ஒரு சீட்டும் வைத்திருந்தார். விற்பனைக்கு இரண்டு வண்டி நின்றது. ஒன்று சிவப்பு, தரையை ஒட்டி, நீள மூக்கோடு. இன்னொன்று க்ரீம் கலர், பக்கத்தில் படி வைத்து, இரண்டு பெரிய விளக்கோடு.

"ஐஸ் வண்டி மாதிரி இருக்கு" என்று க்ரீமைத் தள்ளிவிட்டுச் சிவப்பிடம் போனார். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று.

"ஹைவேல பறக்கும் சார்" என்றார் பாய்.

"பறக்க வேணாம் பாய். நாதஸ்வரத்துக்குப் பின்னாடி ஒரு மணி நேரம் ஊரணும். ஊருமா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட? ஓட்டிப் பாரு."

நான் மாப்பிள்ளை மாதிரி பின் சீட்டில் ஏறினேன். காலடியில் விரித்த மேட் புதிது என்பதால் செருப்பைக் கழற்றி ஷெட்டிலேயே விட்டுவிட்டேன். கோவளம் போகும் ரோட்டில் முதல் கியரில் ஆமை வேகத்தில் போனோம். பாய் பக்கத்தில் நடந்தே வந்தார்.

கால் மணி நேரத்தில் காலடி சூடானது. புகைக்குழாய் நேரே கீழேதான் போகிறது போல. அரை மணியில் கால் வைக்க முடியவில்லை. ஒரு காலை எடுத்து இன்னொன்றை வைத்தேன், பிறகு அதை எடுத்து இதை வைத்தேன். கண்ணாடியில் அவருக்கு என் முகம் மட்டும்தான் தெரியும். அவர் முகமும் எனக்குத் தெரிந்தது, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடும், திரும்ப வராமலே போனால் என்ன செய்வேன்?

வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "எப்படி இருக்கு?"

"சொகுசா இருக்கு. இதையே எடுத்துக்கலாம்."

சொல்லிவிட்டேன். ஆனால் இரண்டு காலும் சீட்டின் மேல் இருந்தன.

அவர் என் காலைப் பார்த்தார். இறங்கி வந்து, மேட்டைத் தூக்கி, தகரத்தில் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுக்கவில்லை. பாகங்களைத் தடவிப் பார்ப்பாரே, அப்படி ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஊர்வலத்துல மாப்பிள்ளை காலடியில யார் உட்காருவாங்க?"

நான் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"குழந்தைங்க. நாலஞ்சு ஏறும். யார் வீட்டுக் குழந்தையைச் சுடப் பாத்த நீ?"

பாய் குறுக்கே வந்தார். "ஒரு ஷீட் அடிச்சுத் தந்துடறேன் சார்."

"வேணாம் பாய். இது ரிஜெக்ட். அந்த ஐஸ் வண்டிய எடுங்க."

க்ரீம் வண்டி அதே ரோட்டில் ஒரு மணி நேரம் ஊர்ந்தது. பின்னால் அவரே வெறுங்காலோடு உட்கார்ந்துகொண்டு, பாயை ஓட்டச் சொன்னார். கதவுக் கீல், படியின் ஆட்டம், ஹாரன் என்று எட்டுக் குறை எழுதிக் கொடுத்தார். சரிசெய்து வையுங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்றார். பாய் தலையைச் சொறிந்துகொண்டே ஒப்புக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிப்பும் இல்லை. கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். உள்ளங்கால் எரிச்சலைவிட அதுதான் அதிகம் எரிந்தது.

வீடு வந்து சேர மூன்று மணி. காலையில் வைத்த சாம்பாரைச் சூடு செய்து ஊற்றினேன். ஒரு வாய் வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பு கம்மி" என்றார்.

உப்பு எடுத்து வர உள்ளே போனவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அதற்கும் திட்டினார்.