கிணற்றில் போட்ட மருந்து

மருந்து என்றால் எங்கள் சங்கரன்கோவில் பக்கம் இரண்டு அர்த்தம். நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, உயிரை விடக் குடிப்பதும் மருந்து. போன கோடையில் ஊரில் காலரா கண்டபோது, இந்த ஒரு சொல் எங்கள் தெருவையே ஆட்டிவிட்டது.

சுகாதாரக்காரர்கள் தெருக்கிணற்றில் வெள்ளைப் பொடியைக் கொட்டி, "மருந்து போட்டிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். தண்ணீரில் குப்பென்று நெடி.

"ஏட்டி, கெணத்துல மருந்தக் கலந்துட்டானுவ! பானையக் கவுத்துங்க!" என்று எதிர்வீட்டு மாடத்தி சத்தம் போட்டாள். பெண்களெல்லாம் குடத்தோடு குளத்துக்கு ஓடினார்கள். நாங்கள் அன்றே புளியங்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டோம்.

திரும்பி வந்தபோது, எங்களுக்கும் ஒரு குடம் குளத்துத் தண்ணீர் வாசலில் இருந்தது. மாடத்தி கொண்டுவந்து வைத்தது. நான் செம்பை வாயருகே கொண்டுபோன நேரம் அவள் புருஷன் ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, வண்டியப் பூட்டுங்க! அவளுக்கு வயித்தால போவுது, கண்ணு சொருகுது!"

செம்பைப் போட்டுவிட்டு வண்டியைப் பூட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போன மாடத்தி திரும்பவில்லை.

இப்போது சுகாதாரக்காரர்கள் பொடி போட வந்தால் நானும் கூட நிற்கிறேன். மறுநாள் முதல் வாளியை இறைத்து, தெருவே பார்க்கக் குடிக்கிறேன். அதைப் பார்த்து இரண்டு வீட்டார் இறைக்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் குளத்துக்குத்தான் நடக்கிறார்கள்.