மஞ்சள் தலைக்கவசம்

போர்ட்டிக்சன் கடற்கரையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தபோதுதான், வாடகைப் படகில் லங்காவித் தீவு வரை போனால் என்ன என்று எனக்குத் தோன்றியது. மறுநாளே ஆறு பேர் சேர்ந்துவிட்டோம். அதில் இருவருக்கு நீச்சல் தெரியாது. எங்கள் எஸ்டேட்டின் பாதுகாப்பு ஆபீசர் படகைப் பார்த்துச் சரியென்றால் போகலாம் என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள்.

அவரைப் படகுத்துறைக்கு அழைத்து வந்தேன். பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை விழுந்து மண்டை உடையாமலிருக்க எஸ்டேட்டில் போடும் மஞ்சள் தலைக்கவசத்தை அவர் கழற்றவே மாட்டார். கடலில் செம்பனை ஏது? அங்கேயும் அதன் வாரை இழுத்து இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். படகைக் காலால் ஒரு தட்டு தட்டினார். ஆய்வு முடிந்தது.

"ஓக்கே லா. நாலு எலுமிச்சம்பழம் நசுக்கிட்டுக் கெளம்புங்க."

"லாரி சக்கரத்துல வைக்கிற பழத்தப் படகுல எங்க சார் வைக்கிறது?"

"முன்னால கட்டு, பாப்பா."

"மெதவை ஜாக்கெட் மூணுதான் இருக்கு. நாங்க ஆறு பேரு."

"ஆறு பேரும் ஒண்ணாவா விழப்போறீங்க?"

"நடுக்கடல்ல எஞ்சின் நின்னுட்டா?"

"நல்லதாப் பேசு லா!"

"அப்ப நீங்களும் வாங்க சார்."

அவர் கை மறுபடி வாருக்குப் போனது. "எனக்குத் தண்ணியில கண்டம்மா."

தன் ஒரு தலைக்கு இத்தனை காபந்து தேடியவர், எங்கள் ஆறு தலைகளை எப்படி மூன்று ஜாக்கெட்டில் அடக்கினாரோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் சரியென்றதை நான் வீட்டில் சொல்லவில்லை. இன்னும் மூன்று ஜாக்கெட் இரவல் வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை கரையோரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, ஆறு பேரும் ஒன்றாக விழுந்து பார்க்கப்போகிறோம்.